நின்ற பிறகு

தமிழ் இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவங்களை வகுத்து வைத்திருக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா நூல்களைப் பாடம் நடத்தும்போது இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே வயதுகளையும் எழுதுவேன். பேதை 5 வயதில் தொடங்குகிறாள். பேரிளம்பெண் 32இல் தொடங்கி 40இல் முடிந்துவிடுகிறாள். ஒரு வருடம் கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "நாப்பதுக்கு அப்புறம் என்ன மேடம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போது 43 வயது.

உலாவில் வருவது தலைவன் வீதியில் பவனி வரும்போது அவனைப் பார்த்து மயங்கும் பெண்களின் பட்டியல். பார்வைக்கும் காமத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரிய வயதுகளை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்குமேல் வாழும் பெண்ணுக்கு அங்கே பெயர் இல்லை.

பேச்சு வழக்கும் ஏறக்குறைய இப்படித்தான். பெண் பூப்பெய்தினால் வயசுக்கு வந்தாள், ஆளானாள், சமைந்தாள், பெரிய மனுஷியானாள், குத்தவைத்தாள் என்று ஊருக்கு ஊர் ஒரு சொல் இருக்கிறது. பந்தல், புட்டு, தாய்மாமன் சீர் எல்லாம் உண்டு. மாதந்தோறும் வரும் ரத்தத்துக்குத் தூரம், தீட்டு, தலைக்குக் குளிப்பது என்று மறைத்துச் சொல்லவே பத்துச் சொற்கள். ஆனால் அது நிற்கும்போது "நின்னுபோச்சு" என்ற ஒரே சொல்தான். நின்று பல வருடம் கழித்து மறுபடியும் ரத்தம் வந்தால் அந்தச் சொல்லும் கிடையாது. "பட்டுச்சு" என்கிறோம். என்ன பட்டது, எங்கே பட்டது என்று சொல்வதில்லை. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். எழுவாய் இருக்கும், ஆனால் வெளியே தெரியாது.

அந்தத் தோன்றா எழுவாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முதன்முதலில் அதை என்னிடம் சொன்னவர் ஊரூர் ஒல்காட் குப்பத்தைச் சேர்ந்த ஓர் அக்கா.

பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடக்கு ஓரத்தில், அடையாற்று முகத்துவாரத்துக்கு முன்னால் இருக்கும் மீனவக் குடியிருப்பு அது. பிரம்மஞான சபையின் பெரிய தோட்டம் ஒரு பக்கம், கடல் மறுபக்கம். சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஒல்காட்டின் பெயர் குப்பத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2015இல் அங்கே கர்நாடக சங்கீதமும் பரதமும் கட்டைக்கூத்துமாக விழா தொடங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. விழா முடிந்தபின் மீன் வாங்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அக்கா விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் வைத்து, வெயில் ஏறும்வரை விற்பார். எனக்கு நெத்திலியோ சங்கராவோ எடுத்துவைப்பார். அவருக்கு 58 வயது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

புரட்டாசி மாதம் சென்னையில் பாதிப் பேர் மீன் வாங்க மாட்டார்கள். வியாபாரம் மந்தமாக இருந்த அப்படி ஒரு காலையில், என் பக்கம் திரும்பாமல் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "டீச்சரம்மா, எனக்கு நின்னு பத்து வருசம் ஆவுது. தை மாசத்துலேர்ந்து நாலு தபா பட்டுச்சு."

தை மாதத்திலிருந்து என்றால் எட்டு மாதம். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். நாத்தனாரிடம் சொன்னாராம். "வயசு திரும்புது உனக்கு" என்று அவள் சிரித்தாளாம். பக்கத்து வீட்டம்மா, வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு சூடாகிவிட்டது என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாராம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கொடுக்க வரும் அம்மாவிடம் சொன்னீர்களா என்றேன். "அவங்க சுகரு, பிரஷரு ரெண்டும் பாத்து எழுதிக்கினு போவாங்க. இத எப்படிச் சொல்றது?" என்றார்.

மீதியை அவர் பிறகுதான் சொன்னார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது முதல் பானையில் கைவைப்பவர் அவர்தான். நின்றவர்களுக்குத்தான் அந்த உரிமை. முப்பது வருடம் மாதத்தில் சில நாள் கோயில் வாசலுக்கு வெளியே நின்ற பெண்ணுக்கு, ரத்தம் நின்ற பிறகு கிடைத்த ஒரே மரியாதை அது. மறுபடியும் படுகிறது என்று வெளியே சொன்னால் பானை கைவிட்டுப் போகும். ஆடி முடியட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. தீட்டு என்ற சொல் இளம்பெண்களை மட்டும்தான் தள்ளி வைக்கிறது என்று நினைத்திருந்தேன். அறுபதை நெருங்கும் ஒருவரின் வாயையும் அது கட்டிப்போடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டு மாதம் ஏன் நீண்ட காலம் என்பதைச் சொல்ல, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது. மாதந்தோறும் தடித்து உதிர்வது அதுதான். கடைசி மாதவிலக்குக்குப் பிறகு 12 மாதம் ரத்தம் இல்லாமல் கடந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு அந்தப் படலம் மெலிந்து கிடக்கும். சில பெண்களுக்கு அதில் ஓர் இடம் மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, காம்போடு தொங்கும் சதையாகவோ, அகன்ற அடியோடு ஒட்டிய மேடாகவோ உருவாகிறது. இதைத்தான் பாலிப் என்கிறார்கள். எள்ளளவும் இருக்கும், எலுமிச்சை அளவும் இருக்கும். நம் பெண்கள் "கர்ப்பப்பைல சதை வளந்திருக்கு" என்பார்கள். ஃபைப்ராய்டு எனப்படும் தசைக்கட்டி வேறு, இது வேறு. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும்.

பாலிப் என்றாலே புற்றுநோய் இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் காணப்படும் பாலிப்புகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 5இல்தான் புற்றணுக்களோ, புற்றாக மாறக்கூடிய அணுக்களோ இருக்கின்றன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ரத்தம் படாதவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு. பட்டவர்களுக்குக் கூடுதல். உடல் பருமன், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் சுரப்பை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைச் சமன்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் அப்போது இருக்காது. எனவே படலம் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பாலிப்பும் கருப்பைப் புற்றும் வரும் வாய்ப்பு சற்று அதிகம். அந்த மாத்திரை மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கருப்பையிலோ ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிறது. அதற்காக அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்ட பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பேருக்குக் கருப்பை உட்படலப் புற்று இருந்தது என்கிறது. அதாவது 91 பேருக்கு இல்லை. ஆனால் அந்தப் புற்று வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால், அவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு ரத்தம் பட்டிருக்கிறது. முதல் எண் பயத்தைக் குறைக்கிறது, இரண்டாவது எண் அலட்சியம் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். வலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், ஒரு சொட்டு ரத்தத்தின் மூலம் தொடக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் புற்று இது. கருப்பையைத் தாண்டிப் பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் பெரும்பாலான பெண்கள் குணமாகிவிடுகிறார்கள்.

அக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக இன்னும் மூன்று வாரம் ஆனது. "புள்ள பெக்குற ஆஸ்பத்திரிக்கு இந்த வயசுல போயி நிக்கணுமா?" என்பது அவருடைய முதல் மறுப்பு. யோசித்தால் அது நியாயமான கேள்வி. எழும்பூரில் 1844இல் தொடங்கிய மருத்துவமனையானாலும், கோஷாப் பெண்களுக்காக 1885இல் தொடங்கியதானாலும், இந்த நகரத்தில் பெண்ணுக்கென்று உள்ள மருத்துவமனை என்றால் மக்கள் மனதில் அது பிரசவ ஆஸ்பத்திரிதான். பிள்ளை பெற்று முடித்தவள் அங்கே என்ன வேலையாகப் போவாள்?

வரிசையில் முன்னும் பின்னும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு இருபது வயதுப் பெண்கள். சீட்டு எழுதும் அம்மா தலைநிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "கடைசியா எப்பம்மா குளிச்ச?" அக்கா சத்தமாகச் சொன்னார்: "நான் குளிச்சி பத்து வருசம் ஆவுது." வரிசை முழுக்கச் சிரித்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதுவரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்த அக்கா அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தாமே சொன்னார், எத்தனை தடவை பட்டது, எவ்வளவு பட்டது, என்ன நிறம் என்று எல்லாம்.

முதலில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். மாதவிலக்கு நின்று ரத்தம் பட்ட பெண்ணுக்கு உட்படலம் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் புற்றுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. அக்காவுக்கு 11 இருந்தது, நடுவில் பாலிப் போன்ற ஒரு நிழலும் தெரிந்தது. அடுத்தது ஹிஸ்டரோஸ்கோப்பி. நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தி, கண்ணால் பார்த்தே பாலிப்பை அடியோடு வெட்டி எடுப்பார்கள். பார்க்காமல் சுரண்டி எடுக்கும் பழைய முறையில் பாலிப் தப்பிவிட வாய்ப்பு உண்டு. எடுத்த சதையை நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். அது புற்றா இல்லையா என்பதை ஸ்கேன் முடிவாகச் சொல்லாது. சதைப் பரிசோதனைதான் சொல்லும்.

மருத்துவர் திரையில் காட்டிய படத்தை அக்கா உற்றுப் பார்த்தார். "ஒடஞ்ச பாலத்துக் காலுல மட்டி ஒட்டிக்கினு கெடக்கும்ல, அப்படி இருக்குது" என்றார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. சாதாரண பாலிப், புற்று இல்லை.

குப்பத்தில் சிலர், "ஒண்ணுமில்லாததுக்கா இத்தன அலைச்சல்?" என்றார்களாம். அக்கா அந்தப் பேச்சை என்னிடம் சொல்லிவிட்டு, "ஒண்ணுமில்லன்னு எனக்கு எப்படித் தெரியும், பாத்தாதான தெரியும்?" என்றார். இந்தக் கட்டுரை சொல்ல வந்ததும் இதுதான். நாத்தனாரும் பக்கத்து வீட்டம்மாவும் பார்க்காமலே ஒன்றுமில்லை என்றார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அந்தப் பெண்ணின் உடம்பைப் பொருட்டாக மதித்துச் சொன்னவர் மருத்துவர் ஒருவர்தான்.

ஆனால் பார்க்காமல் சொல்லும் பழக்கம் வீட்டிலும் தெருவிலும் மட்டும் இல்லை. மந்தைவெளியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 63 வயதில் ஒரே ஒரு நாள் ரத்தம் பட்டது. காப்பீடு இருந்தது, பிள்ளைகள் வெளிநாட்டில். போன தனியார் மருத்துவமனையில் ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு, "இனிமே இது எதுக்கும்மா உங்களுக்கு? எடுத்துடலாம்" என்று அன்றே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள். பெரியம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். "எதுக்குன்னு தெரியாம எடுக்கிறது எப்படி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வேறொரு மருத்துவர் பாலிப்பை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதில் புற்றாக மாறக்கூடிய அணு மாற்றங்கள் இருந்தன. கடைசியில் அவருக்குக் கருப்பையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது, எடுத்தார்கள், நலமாக இருக்கிறார்.

எப்படியும் எடுத்ததுதானே, முதலிலேயே எடுத்திருந்தால் என்ன என்று உறவினர்கள் கேட்டார்கள். முதல் மருத்துவமனை சொன்ன காரணம் அவருடைய வயது. இரண்டாவது மருத்துவர் சொன்ன காரணம் அவருடைய நோய். சோதனையில் அப்படி எதுவும் இல்லாதிருந்தால், பாலிப்பை எடுத்ததோடு அவர் வீடு திரும்பியிருப்பார். பயன் முடிந்த உறுப்பு என்று கருப்பையைப் பார்ப்பவருக்கு, அதை அலட்சியம் செய்வதும் ஒன்றுதான், அவசரமாக வெட்டி எறிவதும் ஒன்றுதான்.

இது ஒரு குடும்பத்துக் கதை இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2019இல் அரசு அமைத்த குழு கணக்கெடுத்தபோது, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. பலர் நாற்பதைக்கூடத் தொடாதவர்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம், புற்றுநோய் வரும் என்ற மிரட்டல், தனியார் மருத்துவமனைகளின் வருமானம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இதைத் தடுக்க ஒன்றிய சுகாதாரத் துறை வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. புற்றுநோய் என்ற சொல்லின் மீதுள்ள பயத்தை வைத்தே பெண்ணின் கையெழுத்தை வாங்கிவிடலாம் என்பதால், அந்தச் சொல்லைப் பற்றிய சரியான அறிவு நமக்கு வேண்டும்.

அந்த அறிவுக்கு ஒரு பழைய முகவரி குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. வெளியூர்களில் "அடையாறுக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் அதற்குப் புற்றுநோய் என்று பொருள். ஓர் ஊரின் பெயரே நோயின் இடக்கரடக்கலாகிவிட்டது. அடையாறிலேயே வாழும் அக்காவுக்கும் அந்தப் பெயர் பயம்தான். அந்த நிறுவனம் எப்படி வந்தது என்பதை வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவருக்குச் சொன்னேன்.

1917இல் இதே அடையாறில், பிரம்மஞான சபையைச் சேர்ந்த பெண்கள் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார்கள். முத்துலட்சுமி ரெட்டி அதன் முன்னணியில் இருந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர், சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக வாதாடியவர். அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பிலிருந்து தொடங்கிய முயற்சிக்கு, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றும் அதன் பெயரில் மாதர் சங்கத்தின் பெயர் சுருக்கமாக ஒட்டியிருக்கிறது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். முன்கூட்டியே கண்டறிந்தால் புற்றைக் குணப்படுத்தலாம் என்பதைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முழுவதையும் கேட்ட அக்கா, "பொம்பளைங்க கட்டுன ஆஸ்பத்திரியா அது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப பயந்துக்கினு கெடக்க வேணாம்" என்றார்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுக்கு முகாம்களில் பரிசோதனை செய்கிறார்கள். அது அவசியம், அவசியம் போக வேண்டும். அந்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்றால் கருப்பை உட்படலமும் சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அது கருப்பையின் வாயை மட்டும் பார்க்கிறது. உட்படலப் புற்றுக்கு எல்லாப் பெண்களுக்குமான முன்சோதனை என்று எதுவும் நடைமுறையில் இல்லை. ரத்தம் படுவதுதான் நமக்குக் கிடைக்கும் தகவல். அதுவும் ஒரு பெண் வாய்திறந்து சொன்னால்தான் தகவல்.

எனவே உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், பாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எப்போது நின்றது? அதற்குப் பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா? "பட்டது" என்ற பதில் வந்தால், ஒரே ஒரு தடவையானாலும், வெறும் கறையானாலும், அடுத்த வாரத்துக்குள் மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாலிப் என்று சொன்னால் கலங்க வேண்டாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினீர்களா, முடிவு எப்போது வரும் என்று கேளுங்கள். கருப்பையை எடுக்க வேண்டும் என்றால், சதைப் பரிசோதனையில் என்ன வந்தது என்று கேட்டு, அந்தத் தாளை வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அக்கா இப்போது குப்பத்தில் தன் வயதுப் பெண்களிடம் இதைக் கேட்கிறார். நான் பாடத்தில் பயன்படுத்தும் எந்தச் சொல்லும் அவருக்குத் தேவைப்படவில்லை. "நின்னப்புறம் ரத்தம் வந்துச்சா, இல்லியா?" என்று எழுவாயோடு கேட்கிறார். இதுவரை இரண்டு பேர் வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரை அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே அழைத்துப் போகிறார். அன்றைக்கு மீன் கிடையாது என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்.